பழைய சாமானை ஈபேல ஏலம் விடறதா, பக்கத்துலயே வித்துடறதா? அமெரிக்கால இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு

வீடு மாறறவங்க, ஊருக்கே திரும்பிப் போறவங்க, பேஸ்மென்ட்ட காலி பண்றவங்க எல்லாருக்கும் வர்ற கேள்விதான், ஈபேங்கற ஆன்லைன் சந்தைல ஏலம் விட்டா நல்ல காசு வருமா இல்ல பக்கத்து ஆளுங்களுக்கு விக்கற ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல போட்டுத் தள்ளிடலாமா. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். பொருள் சின்னதா, கனமில்லாம, அத தேடிட்டு இருக்கற ஆளுங்க நாடு முழுக்க சிதறிக் கிடக்கற மாதிரி இருந்தா ஈபே, அதுலயும் ஏலம்ங்கறது ரொம்ப கொஞ்ச பொருளுக்குத்தான் சரி. மத்ததெல்லாம் பக்கத்துலயே வித்துடுங்க.

ஈபேல மாசம் 250 லிஸ்டிங், அதாவது விக்கப் போடற விளம்பரம், வரைக்கும் ஃப்ரீ, அதனால செலவே இல்லன்னு நிறைய பேர் நினைச்சுடறாங்க. வித்த அப்புறம்தான் வெட்டு விழும். 2025 பிப்ரவரில இருந்து பெரும்பாலான கேட்டகரிக்கு 13.6 சதவீதம், அதுக்கு மேல ஆர்டருக்கு 40 சென்ட், மொத்தம் 10 டாலருக்குள்ள இருந்தா 30 சென்ட். இந்த சதவீதம் பொருளோட விலைக்கு மட்டும் இல்ல, வாங்கறவர் கட்டற ஷிப்பிங், சேல்ஸ் டாக்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும். நம்ம கைக்கே வராம நேரா அரசாங்கத்துக்குப் போற வரிப்பணத்துக்கும் நாம கமிஷன் கட்டறோம், இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் நியாயமா படல.

ஒரு கேமரா லென்ஸ் 100 டாலருக்குப் போகுதுன்னு வைங்க, ஷிப்பிங் 12, வாங்கறவர் நியூ ஜெர்சில இருக்கார், அங்க வரி 6.625 சதவீதம். மொத்தம் 119.42 ஆகுது. ஈபேக்கு 16.64. தபால் செலவு 12 போக, டப்பா, பபிள் ராப், டேப்புக்கு ஒரு 2 டாலர் வச்சா நமக்கு நிக்கறது 81 டாலர் சொச்சம். அதே லென்ஸ உங்க ஊர்லயே ஒருத்தர் 85 டாலர் கேஷ் குடுத்து வாங்கிட்டுப் போறார்னா ஈபேய விட அதுவே லாபம், பார்சல் கட்டற வேலையும் இல்ல. 10 டாலர் பொருள்னா நிலைமை இன்னும் மோசம், அத போட்டோ எடுத்து, எழுதி, கட்டி, தபாலாபீஸ் போய் வந்து கைல 6 டாலர் நின்னா பெரிசு.

சரி, ஏலத்துல விலை ஏறுமே, அது? ஏறும், ஆனா ரெண்டு பேர் மோதினாத்தான் ஏறும். ஈபேல பிட் போடறதுன்னா, அதாவது ஏலம் கேக்கறதுன்னா, தன்னோட உச்ச விலைய சொல்லி வைக்கறது, ஆனா ஜெயிக்கறவர் அத கட்ட மாட்டார், ரெண்டாவது ஆள் சொன்ன விலைக்கு ஒரு படி மேலதான் கட்டுவார். ஒரே ஒருத்தர்தான் பிட் போட்டார்னா, அவர் மனசுல 200 டாலர் இருந்தாலும் நீங்க வச்ச ஆரம்ப விலைக்கே அவருக்குப் போயிடும். 99 சென்ட்ல ஆரம்பிச்சா கூட்டம் வரும்னு சொல்றாங்க பாருங்க, கூட்டம் வராத பொருளுக்கு அத செஞ்சா 99 சென்டுக்கே குடுக்க வேண்டியதுதான். இதுக்குக் கீழ தரமாட்டேன்னு ரிசர்வ் வைக்கலாம், அதுக்குத் தனி ஃபீஸ், விக்கலன்னாலும் திரும்ப வராது.

ஈபேல ஏலம் முடியற நேரம் முன்னாடியே ஃபிக்ஸ் ஆகிடுது, அதனால எல்லாரும் கடைசி சில நொடி வரைக்கும் காத்திருந்து பிட் போடறாங்க. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ்ங்கற ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2002ல இத ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. அப்ப அமேசானும் ஏலம் நடத்திட்டு இருந்தது, அங்க கடைசி நேரத்துல பிட் வந்தா ஏலம் நீண்டுடும், அதனால இந்தக் கடைசி நிமிஷ அடிதடி அங்க கம்மி. விக்கறவருக்கு இதுல என்னன்னா, ஆறு நாள் அசையாம கிடக்கற விலைய பாத்து பயப்படவும் கூடாது, கடைசில கண்டிப்பா எகிறும்னு நம்பி உக்காரவும் கூடாது.

1995ல பியர் ஓமிட்யார் இந்த சைட்ட ஆரம்பிச்சப்ப முதல்ல வித்தது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போச்சு. ஏலத்தோட பலம் அதுதான், விலை என்னன்னே சொல்ல முடியாத பொருளுக்கு எங்கயோ ஒருத்தர் இருப்பார். பழைய ஸ்டாம்ப், நாணயம், நின்னு போன மாடல் கேமரா, இதுக்கெல்லாம் ஏலம் விடுங்க, தாராளமா. ஆனா ஊர் பூரா கிடைக்கற பொருளுக்கு விலை எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ஏலம் எதுக்கு? ஈபேல தேடறப்ப வித்து முடிஞ்சதுங்கற ஃபில்டர ஆன் பண்ணி நிஜமாவே என்ன விலைக்குப் போயிருக்குன்னு பாத்து, அதே விலைய ஃபிக்ஸ்டா வச்சிடுங்க. கேக்கற விலைய பாத்து ஏமாறாதீங்க, யார் வேணா எவ்வளவு வேணா கேக்கலாம்.

இன்னொரு விஷயம், ரிட்டர்ன் கிடையாதுன்னு நீங்க எழுதினாலும் பொருள் சொன்னபடி இல்லன்னு வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஈபேகிட்ட புகார் போடலாம், அப்ப திரும்பி வர்ற ஷிப்பிங்கும் நம்ம தலைலதான். 2008ல இருந்து விக்கறவங்க வாங்கறவங்களுக்கு நெகட்டிவ் ஃபீட்பேக்கும் போட முடியாது. அதனால கீறல், பள்ளம், உடைஞ்ச மூடி எல்லாத்தையும் கிட்டக்க போட்டோ எடுத்துப் போட்டுடுங்க.

மார்க்கெட்பிளேஸ்ல நேர்ல வந்து எடுத்துட்டுப் போனா ஃபீஸே இல்ல, ஷிப் பண்ணா 10 சதவீதம். சோஃபா, டைனிங் டேபிள், கட்டில், ட்ரெட்மில் எல்லாத்துக்கும் வேற வழியே யோசிக்காதீங்க. இங்க செலவு காசு இல்ல, பொறுமை. இருக்கான்னு கேட்டுட்டு காணாம போறவங்க, வரேன்னுட்டு வராதவங்க, வாசல்ல வந்து நின்னுட்டு பாதி விலைக்குக் கேக்கறவங்க, எல்லாம் உண்டு.

ஏமாத்து வேலையும் இங்கதான் அதிகம், புதுசா வந்தவங்க தயவுசெஞ்சு கவனமா இருங்க. பேங்க்ல இருந்து பேங்குக்குப் பணம் அனுப்பற ஸெல் (Zelle) அக்கவுன்ட்ட பிசினஸுக்கு மாத்தினாத்தான் பணம் வரும்னு மெயில் வந்தா அது பொய். நீங்க நிஜ ஆளான்னு பாக்க உங்க போனுக்கு ஒரு கோட் நம்பர் அனுப்பறேன், அத சொல்லுங்கன்னா சொல்லாதீங்க, உங்க நம்பர வச்சு அவங்க கூகுள் வாய்ஸ்ங்கற இன்டர்நெட் போன் அக்கவுன்ட் தொடங்கிடுவாங்க. விலைய விட அதிகமா பணம் அனுப்பிட்டேன், மிச்சத்த திருப்பி அனுப்புங்கன்னாலும் அதே கதைதான். போன், லேப்டாப் மாதிரி பொருள்னா போலீஸ் ஸ்டேஷன் பார்க்கிங்ல வச்சு குடுங்க, பல ஊர்ல அதுக்குன்னே இடம் ஒதுக்கியிருக்காங்க.

க்ரெய்க்ஸ்லிஸ்ட்ங்கற விளம்பர சைட்ல இன்னும் பெரும்பாலும் ஃப்ரீதான், கார் விக்கணும்னா மட்டும் 5 டாலர். துணிக்கு பாஷ்மார்க்ங்கற ஆப் இருக்கு, ஆனா 15 டாலருக்கு மேல போனா 20 சதவீதம் எடுத்துக்கறாங்க, பிராண்ட் துணி இல்லன்னா வேண்டாம்.

நம்ம ஆளுங்களுக்கு இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அபார்ட்மென்ட், தமிழ்ச்சங்க வாட்ஸ்அப் குரூப். 110 வோல்ட் வெட் கிரைண்டர ஈபேல போட்டா அந்தக் கல்லோட கனத்துக்கு ஷிப்பிங்கே விலைய தின்னுடும். குரூப்ல காலைல போட்டா சாயங்காலத்துக்குள்ள ஒருத்தர் கார எடுத்துட்டு வந்துடுவார், ப்ரீதி மிக்ஸி, இட்லி குக்கர், தோசைக்கல்லு எல்லாம் அப்படித்தான். வாங்கறவருக்கும் புதுசு தேடி அலைய வேண்டாம்.

எதுலயும் போகாதத டம்ப்ஸ்டர் பக்கத்துல வச்சுட்டுப் போயிடாதீங்க, நல்ல நல்ல சாமான் மழைல நனைஞ்சு கிடக்கறத பாத்தா மனசே ஆறல. 2013ல வாஷிங்டன் மாநிலத்துல ஆரம்பிச்ச பை நத்திங் குரூப் இப்ப நிறைய ஊர்ல இருக்கு, சும்மா தரேன்னா வந்து எடுத்துப்பாங்க. பழைய சாமான தானமா எடுத்துக்கற குட்வில்லுக்கும் குடுக்கலாம், ஆனா தனித்தனியா கணக்கு காட்டாம ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்ங்கற மொத்தக் கழிவ எடுக்கறவங்களுக்கு சாமான் குடுத்ததுக்கு வரில எதுவும் குறையாது, அந்த ஆசைல மட்டும் குடுக்காதீங்க.

வரிய நினைச்சு விக்கறதுக்கே பயப்படறவங்களுக்கு: வாங்கின விலைய விட கம்மிக்கு வித்த சொந்த சாமானுக்கு வருமான வரி கிடையாது, அந்த நஷ்டத்த கழிச்சுக்கவும் முடியாது. ஈபே மாதிரி சைட்டுங்க நீங்க வித்த பணத்த வரித்துறைக்குச் சொல்ற 1099-கே ஃபார்முக்கு 600 டாலர் வரம்புன்னு பேச்சு இருந்தது, 2025 சட்டத்துல அத பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினாத்தான்னு மாத்திட்டாங்க. சில மாநிலத்துல வரம்பு இத விட கம்மி, அதனால ஃபார்ம் வந்தா நஷ்டத்துக்குத்தான் வித்தோம்னு காட்ட, விலை அதிகமான பொருள வாங்கின பில்லு மெயில்ல இருந்தா அழிச்சுடாதீங்க.