தண்டையார்பேட்டையில் எனக்கு உழைத்த மூன்று கார்கள்

மாருதி 800, சான்ட்ரோ, ஃபோர்டு ஃபிகோ டீசல். இந்த மூன்றையும் வட சென்னையின் தண்டையார்பேட்டையில் வைத்து ஓட்டியிருக்கிறேன். எது சிறந்தது என்று கேட்டால் என்னால் ஒன்றைச் சொல்ல முடியாது. அடுத்த கார் வந்தபோதெல்லாம், முந்தையதில் இருந்த ஏதோ ஒரு குணத்தை இழக்கத்தான் செய்தேன்.

மாருதி 800-இன் அகலம் 1.44 மீட்டர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருக்களில் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தீபாவளி நேரத்தில் ஒருபக்கம் துணிக்கடைக் கூட்டம், மறுபக்கம் வரிசையாக இருசக்கர வாகனங்கள், எதிரே சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டி. பெரிய கார்கள் தெருமுனையிலேயே தயங்கி நிற்கும். 800 பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கூரையைத் தாங்கும் தூண்கள் மெல்லியவை என்பதால் நாற்புறமும் பார்வை மறைக்காது. பின்னால் எடுக்கும்போது கேமரா, சென்சார் எதையும் மனம் தேடியதில்லை. என்னுடையது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய முறையான கார்புரேட்டர் கொண்ட வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே புரியும். தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவருமாக முடித்துவிடுவார்.

காசிமேட்டுக் கடற்காற்றின் உப்புக்கு எந்தக் காரின் இரும்பும் தப்பாது. இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே காரின் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடுவது நல்லது. மூன்று கார்களுக்கும் நான் தவறாமல் செய்தது அது ஒன்றுதான்.

சான்ட்ரோவின் பெருமை அதன் உயரம். 1998-இல் அது வந்தபோது அந்தத் தோற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் வலியுள்ள என் அத்தை, அதில் குனியாமல் ஏறி, யார் கையையும் பிடிக்காமல் இறங்குவார். வேறென்ன வேண்டும்?

இப்போது என்னிடம் இருப்பது மறைமலைநகரில் தயாரான ஃபிகோ. 1.4 லிட்டர் டீசல், 69 குதிரைத்திறன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் சஸ்பென்ஷன் அதிராமல் இறங்கி ஏறுகிறது. எண்ணெய் அழுத்தத்தின் துணையோடு திரும்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங், நிறுத்துமிடத்தில் சற்றுக் கனம்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி தாண்டி நெல்லூர் போகும் சாலையில் வேகம் பிடித்ததும், சக்கரத்துக்குக் கீழே சாலை எப்படி இருக்கிறது என்பது உள்ளங்கைக்கே தெரிகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டி, அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விழித்துக்கொண்டால், லாரியை முந்துவதற்குப் பெரும்பாலும் கியரைக் குறைக்க வேண்டியதே இல்லை.

இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தபோது, விற்றுவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் விற்கவில்லை. பழைய ஃபிகோ டீசல் ஒன்றை வாங்க நினைப்பவர்கள், எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரசீது இல்லையென்றால் முதல் செலவாகப் புது பெல்ட்டைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.