ஹட்டனில் ஈபிஎஃப் படிவம் நிரப்ப ஒரு கடை

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன கொமியூனிகேஷன் இருக்கிறது, கொப்பி, பிரிண்ட் எடுத்துப் படிவமும் நிரப்பிக் கொடுக்கும் கடை. பெயர்ப் பலகை மழையில் அழிந்து பாதிதான் மிச்சம். அம்மா 50 வயது முடிந்து தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கியதும், ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க அங்கேதான் கூட்டிப்போனேன்.

கடைக்கார அக்கா பணம் கேட்டு விண்ணப்பிக்கும் கே படிவத்தைத் தொடவே இல்லை, முதலில் நிதியின் அங்கத்தவர் அட்டையான பி கார்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அம்மா, ரெண்டுலயும் பேரு வேற வேற மாதிரி இருக்கு, இப்படியே குடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க, மொதல்ல ஒரு சத்தியக் கடதாசி முடிச்சிட்டு வாங்க" என்றார். எப்போதோ தோட்டத்து ஆபீசில் யாரோ விட்ட ஓர் எழுத்து! இதற்கு முன் வேறோர் இடத்தில் 1,000 ரூபா கொடுத்து நிரப்பி இரண்டு மாதம் வீணாய்ப் போயிருந்தது. இங்கே 400, கொப்பிக்குத் தனி. தோட்டம் போடும் 3 சதவீத ஈடிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, வேறு படிவம் என்பதையும், வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று சேவைக்காலப் பணத்தைத் தோட்டத்திடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் அவராகவே சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் கணக்குப் போட்டேன். ஈபிஎஃப்புக்குச் சம்பளத்தில் அம்மாவின் 8, தோட்டத்தின் 12, ஆக 20 சதவீதம். 2013-இல் நாள் சம்பளம் 450, அப்படியென்றால் நாளுக்கு 90 ரூபா, அதுவும் பேர் விழுந்த நாளுக்குத்தான், அதாவது முழு நாள் வேலையாகப் பதிந்த நாளுக்கு, அரைப் பேர் என்றால் பாதி. 2022-இல் சாமான் விலை 70 சதவீதம் அளவுக்கு ஏறியபோது அந்தக் காசுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம்.

ருமேனியாவில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்யும் தம்பியின் சம்பளச் சீட்டையும் அங்கேயே பிரிண்ட் எடுத்தேன். ஓய்வூதியத்துக்கென்று மட்டும் 25 சதவீத வெட்டு! அதில் 4.75, 2008-இல் ஆரம்பித்த தனியார் நிதியில் அவரவர் பெயரில் சேருகிறது, மிச்சம் இன்றைய வயதானவர்களுக்கு மாதாமாதம் போகிறது. குறைந்தது 15 வருடம் கட்டிய ஆணுக்கு 65-இலிருந்து சாகும்வரை உண்டாம், இரண்டு வருட ஒப்பந்தத்தில் போன தம்பிக்கு எங்கே? அங்கேயும் கம்யூனிஸ்ட் காலத்துக் கூட்டுப்பண்ணைகளில் உழைத்தவர்கள் கைக்கு வருவது சொற்பம்தான் என்றதும் அம்மா, "அப்ப நம்மள மாதிரிதான்" என்றார். சரி, அம்மாவிடம் வெட்டியது 8-தான் என்றாலும் தோட்டத்தின் பங்கோடு மொத்தம் 20, அங்கே 25, பெரிய வித்தியாசமில்லை, ஆனால் அம்மாவுடையது ஒரே தடவையில் வந்துவிடும், கூரைத் தகரம் மாற்றினாலே பாதி போய்விடும், அப்புறம் மாதாமாதம் என்று எதுவும் இல்லை.

கடையில் குறை என்றால், உட்கார ஒரே ஒரு பெஞ்சு. சம்பள நாளில் வரிசை படி ஏறிவிடும், அன்றைக்கு மட்டும் போகாதீர்கள்.