‘ஒரிஜினல் கேம்கள் ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகளில் கவனமாக இருங்கள்

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், முக்கியமாகக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்காக வாங்கப்போகும் பெற்றோர், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கம்ப்யூட்டரோடு ‘ஒரிஜினல்’ கேம்களையும் ஏற்றித் தருவதாகச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் என் தம்பிக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் என்னென்ன இருந்தன என்பதை எழுதுகிறேன்.

அந்தத் தெருவையே குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு ரௌட்டர், கீபோர்டு, பிரின்டர் எல்லாம் அங்கே வாங்கியவைதான். இந்தக் கடையிலும் ராம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் பில்லில் எழுதியபடியே இருந்தன. மோசடி கேம்களில் நடந்தது.

“எல்லாமே ஒரிஜினல்தான் மேடம். தனித்தனியாக வாங்கினால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாலாயிரத்து ஐந்நூறு கொடுங்கள், வாழ்நாள் முழுக்க ஓடும்” என்றார் கடைக்காரர். தன் கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு கேமுக்கும் வந்திருந்த விமர்சனங்களைக் காட்டினார். ‘சைபர்பங்க் 2077’ பற்றிப் பாராட்டாகக் குவிந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு பில் போட்டார். கேம்களுக்கான தொகையைத் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

அவர் காட்டிய விமர்சனங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அவை பேசிய கேம் வேறு, அவர் கொடுத்த கேம் வேறு. இந்தப் பதிவை எழுதுவதற்கே இதுதான் காரணம். 

சைபர்பங்க் வெளியானது 2020 டிசம்பர் 10-ஆம் தேதி. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்கு கம்ப்யூட்டர் பிரதி மட்டுமே தரப்பட்டது. தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் அனுமதி இல்லை. மதிப்பெண்கள் வாரி வழங்கப்பட்டன. வெளியானதும் சோனியின் பழைய கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் அது தடுமாறிய தடுமாற்றத்தில், ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டில் திறன்களை வளர்க்கும் முறை, போலீஸ் துரத்தும் விதம் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. இன்று நாம் படிக்கும் பாராட்டுகளில் பெரும்பகுதி இந்தத் திருந்திய கேமுக்கு உரியது.

தம்பியின் கம்ப்யூட்டரில் இருந்த பதிப்பு 1.05. இந்தப் பதிப்பில் ஒரு கோளாறு உண்டு. ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பு 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போகும்; பிறகு திறக்கவே திறக்காது. 2020 டிசம்பர் இறுதியில் வந்த 1.06 அப்டேட் இதைச் சரிசெய்தது, ஆனால் ஏற்கெனவே கெட்ட கோப்புகளை அதனாலும் மீட்க முடியவில்லை. என் தம்பியோ வழியில் கிடைக்கும் துப்பாக்கி, சட்டை, உதிரி பாகம் எதையும் விடாமல் பையில் போட்டுக்கொண்டு ஆடுகிறவன். அப்படி ஆடினால் கோப்பு வீங்காமல் என்ன செய்யும்? செமஸ்டர் விடுமுறை முழுவதும் ஆடிச் சேர்த்தது ஓர் இரவில் போயிற்று. “அக்கா, எதுவுமே திறக்க மாட்டேன் என்கிறது” என்று அவன் வந்து நின்றபோதுதான் முகப்புத் திரையின் ஓரத்தில் இருந்த பதிப்பு எண்ணைப் பார்த்தேன். கிராக் செய்து, அதாவது காசு கொடுக்காமல் ஆடப் பூட்டை உடைத்து, ஏற்றிய பிரதி என்பதால் அப்டேட் வர வழியே இல்லை. மற்றவர்கள் என்றோ மறந்துவிட்ட கோளாறுக்குப் பணம் கொடுத்து, அதை என் தம்பி அனுபவித்திருக்கிறான்.

பிறகு மற்ற கேம்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்.

விண்வெளியில் கோள் கோளாகச் சுற்றும் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016-இல் வந்தபோது, சொன்னதைச் செய்யவில்லை என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஒரே இடத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்கக்கூட முடியவில்லை. அந்தக் குறை 2018 ஜூலை அப்டேட்டில் தீர்ந்தது. விடாமல் உழைத்து நற்பெயரை மீட்ட அந்தக் குழுவின் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. எங்களுக்குக் கிடைத்ததோ அந்த உழைப்பு எதுவும் சேராத 2016-ஆம் ஆண்டுப் பிரதி.

கார் பந்தயத்துக்கு ‘தி க்ரூ’. தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு கேட்கும் கேம் அது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் தேதியே அதன் சர்வர்களை மூடிவிட்டது. பணம் கொடுத்து முறையாக வாங்கியவர்களே ஆட முடியாமல் கொதித்துப்போனார்கள்; அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது. அப்படி மூடப்பட்ட ஒன்றை விலை போட்டு விற்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

கால்பந்துக்கு ‘ஈஃபுட்பால்’. 2021-இல் வந்தபோது வீரர்களின் முகங்கள் இருந்த கோலத்துக்காக உலகமே கண்டித்த கேம் அது. அதைவிட, அது தொடக்கம் முதலே இலவசம். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’-ஐயும் இலவசமாகவே ஆடலாம். இரண்டுக்கும் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்.

நகரம் கட்டும் கேம்களை விரும்பி ஆடுகிறவள் நான். அதனால் பட்டியலில் இருந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’-ஐ ஆவலோடு திறந்தேன். எதிர்பார்த்த வேகத்தை இன்னும் எட்டவில்லை என்று தயாரித்தவர்களே வெளியீட்டுக்கு முன் ஒப்புக்கொண்ட கேம் இது. கிராஃபிக்ஸ் கார்டாக ஜிடிஎக்ஸ் 970-ஆவது வேண்டும் என்பது அவர்கள் விதித்த கீழ் எல்லை. கடைக்காரர் எங்களுக்குப் போட்டுத் தந்தது, எண் பெரிதாக இருந்தாலும் வேகத்தில் அதற்கும் கீழான ஜிடிஎக்ஸ் 1650. ஊர் கொஞ்சம் வளர்ந்ததும் திரை நகர மறுத்தது. அந்தக் கார்டையும் இந்தக் கேமையும் ஒரே கையால் விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பதற வைத்தது வேறு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். வைரஸ் தேடலில் விட்டுவிட வேண்டிய இடங்களை அங்கே குறிக்கலாம். எங்கள் கம்ப்யூட்டரில் டி டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்திருந்தார்கள். கிராக் கோப்புகளை விண்டோஸ் அழித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த டிரைவுக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை. அதே கம்ப்யூட்டரில்தான் தம்பி கல்லூரிக் கட்டணம் கட்டினான், அப்பா வங்கிக் கணக்கைத் திறந்தார். நல்லவேளையாகப் பணம் எதுவும் போகவில்லை. கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு கைப்பேசியிலிருந்து மாற்றிவிட்டு, டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். இப்படிக் கேம் ஏற்றித் தந்த கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பாருங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கேமை உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே வாங்குங்கள். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறார்கள். தள்ளுபடிக் காலத்தில் பழைய கேம்கள் நன்றாகவே இறங்கும். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை உங்கள் கம்ப்யூட்டரில் கேம் ஓடுகிறதா என்று பார்க்கவே செலவிடுங்கள். விமர்சனம் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். அண்மைக் கருத்துகளையும் மொத்தக் கருத்துகளையும் ஸ்டீம் தனித்தனியாகக் காட்டுகிறது. எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் அங்கேயே தெரியும். வெளியாகும் நாளுக்கு முன்பே வந்துவிடும் மதிப்பெண்ணை நம்பி முன்பதிவு செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, பில்லின் அடியில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார் கடைக்காரர். அந்த வரியைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை. பில்லில் காலவரம்பு எழுதவில்லை என்றால் 30 நாள் வரை அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. பேனாவால் எழுதிய அந்த விசிட்டிங் கார்டு, பதிப்பு எண் தெரியும்படி எடுத்த படம், எக்ஸ்க்ளூஷன் பட்டியலின் படம் மூன்றையும் இணைத்து 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதே சந்தில் இதேபோல வாங்கியவர்கள் இருந்தால், டிஸ்க்கை அழிப்பதற்கு முன் இந்தப் படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.