கார் நேவிகேஷன் அப்டேட் பென்டிரைவ் வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

கோவை அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரையிலான 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட சில நாட்களில் அதன்மீது காரில் சென்றேன். காரின் திரையோ நான் கீழ்ச்சாலையிலேயே செல்வதாகக் காட்டியது. பாலமும் இல்லை, இறங்குதளங்களும் இல்லை. 2024இல் திறந்த உக்கடம் மேம்பாலமும் அதில் இல்லை. கைப்பேசியில் வழி பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்றாலும், என் தந்தை வண்டியை எடுத்தால் அந்தத் திரையில் வருவதை மட்டுமே நம்புவார். அவருக்காகவே வரைபடத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தேன்.

சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, 'அடுத்த சர்வீஸுக்கு வரும்போது பார்க்கலாம் சார்' என்றார்கள். அன்று இரவே சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. எல்லா கார்களுக்கும் பொருந்தும் 2025 வரைபடம், பென்டிரைவில் கூரியர் மூலம் வீட்டுக்கே வரும், வாழ்நாள் முழுவதும் இலவச அப்டேட், விலை 3,500 ரூபாய். வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டவர் மரியாதையாகப் பேசினார். காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்டார். ஒரே மாடலில்கூட வெவ்வேறு ஹெட் யூனிட்கள் (திரையையும் அதை இயக்கும் கருவியையும் சேர்த்துச் சொல்வது) பொருத்தப்படுகின்றன என்பதும், எந்தக் கோப்பு பொருந்தும் என்பதை அதன் மென்பொருள் பதிப்பு எண்ணே தீர்மானிக்கிறது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அந்த எண் செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் தகவல் என்னும் இடத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்காமல் பணம் கேட்பவரிடம் தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள்.

பென்டிரைவ் நான்காம் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அதைச் செருகினேன். பாதியில் மின்சாரம் தடைப்பட்டால் ஹெட் யூனிட் திரும்ப எழாமலே போய்விடக்கூடும் என்பதால் இன்ஜின் ஓட வேண்டும் என்பதும், அடைத்த ஷெட்டுக்குள் அதைச் செய்தால் புகை உயிருக்கே ஆபத்து என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. அந்த மட்டில் கவனமாகத்தான் இருந்தேன். ஒரு நிமிடத்தில், இந்த வாகனத்துக்குப் பொருந்தாத மென்பொருள் என்று திரை தெளிவாக எச்சரித்தது. என் பணத்துக்கும் வண்டிக்கும் கடைசிப் பாதுகாப்பாக இருந்தது அந்த வாசகம்தான். அதைப் படம் எடுத்து அனுப்பியபோது அவர், 'எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார் வரும், பயப்படாதீங்க' என்று சொல்லி ஒரு வீடியோவை அனுப்பினார். திரையின் குறிப்பிட்ட மூலைகளை வரிசையாகத் தொட்டு ஒரு எண்ணை இட்டால் பொறியாளர்களுக்கென்று மறைத்து வைத்திருக்கும் மெனு திறக்கும். அதற்குள் சென்று, பொருத்தம் பார்க்கும் சோதனையைத் தாண்டிக் கட்டாயமாக ஏற்றும்படி அந்த வீடியோ காட்டியது. நான் அப்படியே செய்தேன். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து நூறு சதவீதம் என்று வந்ததும் அவர் கேட்டபடி அந்தத் திரையையும் படம் எடுத்து அனுப்பினேன்.

ஹெட் யூனிட் தானாக அணைந்து மீண்டும் எழுந்தபோது வரைபடம் இருந்த இடத்தில் சாம்பல்நிறப் பரப்பும் அதன் நடுவே ஒரு திசைகாட்டியும் மட்டுமே இருந்தன. ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்கள் வேலை செய்யவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் கேமரா படம் வராமல் திரை கறுப்பாகவே நின்றது. ஆனால் என்ன நடந்திருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது வானொலிதான். 106.4இல் வரும் நிலையத்தைப் பிடிக்க முயன்றபோது எண் 106.3இலிருந்து நேராக 106.5க்குத் தாவியது, எவ்வளவு திருகியும் 106.4 வரவே இல்லை. நம் நாட்டு நிலையங்களுக்கு 0.1 மெகாஹெர்ட்ஸ் படியாக நகர வேண்டிய டியூனர், அமெரிக்க முறைப்படி 0.2 படியாக ஒற்றைப்படை எண்களில் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அதாவது எனக்கு விற்கப்பட்டது வேறொரு நாட்டு விற்பனைக்கான காரின் மென்பொருள். இந்திய வரைபடம் அதில் இருக்கவே வாய்ப்பில்லை.

விற்றவரை அழைத்தேன். ஆக்டிவேஷன் கோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதற்கு 2,500 ரூபாய் ஆகும் என்றார். வண்டி கெட்டுவிட்ட பதற்றத்தில் அதையும் அனுப்பினேன். அடுத்ததாக, என் கைப்பேசியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னபோதுதான் சுதாரித்தேன். வங்கிச் செயலிகள் உள்ள கைப்பேசியில் அதை நிறுவியிருந்தால் இழப்பு ஆறாயிரத்தோடு நின்றிருக்காது. மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கூரியர் உறையின்மேல் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அப்படி ஒரு கடையே இல்லை.

சர்வீஸ் சென்டரில் பழைய மென்பொருளை ஏற்ற முயன்றார்கள். தன்னிடம் இருப்பதைவிடப் பழைய பதிப்பை அந்த யூனிட் ஏற்க மறுத்துவிட்டது. புது ஹெட் யூனிட்டுக்கு 74,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். கட்டாய அப்டேட் செய்ததன் பதிவு யூனிட்டிலேயே இருந்ததால் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் பயன்படவில்லை. கேமரா இல்லாத அந்த நாட்களில், எங்கள் குறுகலான சந்தில் என் தந்தை வண்டியைப் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப் பின்னால் நின்றுகொண்டேன். சந்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். பத்தொன்பது நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர், தயாரிப்பாளரின் மீட்புக் கோப்பைக் கொண்டு யூனிட்டைச் சரிசெய்து கொடுத்தார். அதற்கு 6,800 ரூபாய் ஆயிற்று.

என் காருக்கு உரிய வரைபடம் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது என்பதை அந்தப் பொறியாளர் சொல்லித்தான் அறிந்தேன். முதல் நாளே சர்வீஸ் சென்டரில் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். ஹூண்டாய், கியா போன்ற நிறுவனங்கள் 'நேவிகேஷன் அப்டேட்டர்' என்னும் கணினி மென்பொருளைத் தாங்களே தருகின்றன. மாடலைத் தேர்ந்தெடுத்தால் உரிய கோப்புகளை அதுவே பென்டிரைவில் இறக்கிவிடும். சில கார்களில் வரைபடம் எஸ்.டி. கார்டில் இருக்கும், அவற்றில் பல, அந்தக் கார்டின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டவை என்பதால், நகலெடுத்து விற்கப்படும் கார்டு வேலை செய்யாது.

வரைபடம்தானே, போனால் போகட்டும் என்று இதை விட்டுவிட முடியாது. 2015இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு ஜீப்பின் பொழுதுபோக்குத் திரை வழியாக நுழைந்து, ஓடும் வண்டியின் இன்ஜினையும் பிரேக்கையும் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன்பின் அந்நிறுவனம் 14 லட்சம் வாகனங்களுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்து தருவதற்கான அழைப்பு, அறிவித்தது. என் காரிலும் அந்தத் திரை வண்டியின் மற்ற பாகங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. யார் எழுதியது என்றே தெரியாத மென்பொருளை அதில் ஏற்றிவிட்டு அதே வண்டியில் என் குடும்பத்தை ஏற்றிச் சென்றேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்திருக்கிறேன். பணம் போன உடனே அழைத்தால் அது எடுக்கப்படுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நான் மூன்று நாள் தாமதித்துவிட்டேன், விற்றவரின் கணக்கு காலியாகியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் இதற்குத் தண்டனை உண்டு என்பதால், உரையாடல், யுபிஐ ரசீது, கூரியர் உறை எதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில், வேறு எண்ணோடு வந்திருப்பதைப் பார்த்தேன். 'கோவை வாடிக்கையாளரின் கார், வெற்றிகரமான அப்டேட்' என்று அதில் போட்டிருக்கும் படத்தில் திரை நூறு சதவீதம் காட்டுகிறது. டாஷ்போர்டின் இடது ஓரத்தில் சிறிய பித்தளைப் பிள்ளையாரும், அதன்மேல் வாடிய ஒரு செம்பருத்தியும் தெரிகின்றன. அது என் கார். அன்று நான் அனுப்பிய படம். உங்கள் கண்ணில் பட்டால் அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.