கூட்டாகச் சேர்ந்து வாங்குவது: எந்த அமைப்பு யாருக்குப் பொருந்தும்?

நூறு படுக்கை மருத்துவமனை ஒன்று தனியாகப் போய் சிரிஞ்சுக்கும் கையுறைக்கும் பேரம் பேசினால், கம்பெனிக்காரர் பெரிதாக இறங்கி வரமாட்டார். அமெரிக்காவில் இதற்கென்றே குழுக் கொள்முதல் அமைப்புகள், அதாவது ஜி.பி.ஓ.க்கள் இருக்கின்றன. பல மருத்துவமனைகளின் தேவையைத் திரட்டி விலை பேசி ஒப்பந்தம் போடுவது அவற்றின் வேலை. அந்த விலையில் ஆர்டர் போடுவது உறுப்பினரின் வேலை.

விசியன்ட், பிரீமியர் இரண்டும் பெரியவை. இவற்றில் பொதுவாகக் கட்டுப்பாடு தளர்வு. வேண்டிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை வெளியே வாங்கலாம். நாஷ்வில் நகரத்து ஹெல்த்டிரஸ்ட் என்ற ஜி.பி.ஓ. வேறு மாதிரி: கொள்முதலில் பெரும்பகுதியை எங்கள் ஒப்பந்தம் வழியாகவே வாங்கு என்பது அதன் நிபந்தனை. என் கணிப்பில், டாக்டர்கள் ஒரே பிராண்டுக்கு ஒத்துக்கொள்ளும் இடத்துக்கு இரண்டாவது வகைதான் லாபம். சரக்கு நிச்சயம் போகும் என்று தெரிந்தால்தான் விற்பவர் விலையைக் குறைப்பார். ஆனால் எலும்பு சர்ஜன் ஆளுக்கொரு இம்ப்ளான்ட் கேட்கும் இடத்தில் அந்த நிபந்தனையை ஏற்றால் தினமும் சண்டைதான்.

அடுத்து, இந்த அமைப்புக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விற்பவர்தான், விற்பனையில் ஒரு சதவீதமாக. இது லஞ்சத் தடைச் சட்டத்தில் மாட்டாதபடி அமெரிக்க நாடாளுமன்றம் 1986-இல் விலக்கு அளித்தது. கட்டணம் 3 சதவீதத்துக்குள் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். கையுறைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் செலவானால், 3 சதவீதக் கணக்கில் 3,000 டாலர் அங்கே போகிறது. விலை ஏறினால் கட்டணமும் ஏறும், அதுதான் என்னை உறுத்துகிறது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை உறுப்பினருக்குத் திருப்பித் தரும் அமைப்புகளும் உண்டு. எத்தனை சதவீதம் திரும்பும் என்று கேட்டு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இந்த உறுத்தல் குறைவான வழி, உறுப்பினர்களே உரிமையாளராக இருக்கும் கூட்டுறவு. சப்வே என்ற சாண்ட்விச் கடைச் சங்கிலியின் கடைக்காரர்கள் 1996-இல் தொடங்கிய கொள்முதல் கூட்டுறவு அப்படிப்பட்டது. எல்லாக் கடைக்கும் அதே ரொட்டி, அதே சீஸ் என்பதால் அங்கே நன்றாக நடக்கிறது. தேவை ஆளுக்கு ஆள் மாறும் தொழிலில் இதை நடத்துவது கஷ்டம்.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, 23 மருத்துவமனைகளின் தேவையைச் சேர்த்து 40 மருந்துகளுக்கு விலை பேசியது. மிச்சம் சுமார் 1,320 கோடி ரூபாய். நோயாளி கைக்காசு போட்டு மருந்து வாங்கும் நாட்டில் இது சாதாரண விஷயமில்லை.

எந்த அமைப்பானாலும் ஒப்பந்த விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். டீலர் மார்ஜின், வண்டி வாடகை, அவசர ஆர்டர் கட்டணம் எல்லாம் தனி. அதிகம் வாங்கும் இருபது பொருட்களின் பழைய பில்லை எடுத்து, நம் வாசலில் வந்து இறங்கும் விலையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அப்புறம் ஒப்பந்தத்திலிருந்து விலகும் விதியையும் படியுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாங்கிய தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பார்களா என்று.