மணிக்கணக்கா, வாரக்கணக்கா? சிறிய கல்லூரியில் தொண்டூழியத் திட்டம் நடத்துவோர்க்கு

தொண்டூழியத் திட்டத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் வைக்கலாம்?" இருபதா, நாற்பதா என்று எண்ணைக் கேட்கிறார்கள். மாணவர்கள் யாரிடம் போகப் போகிறார்கள், எத்தனை மாதம் போகப் போகிறார்கள் என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது. நானும் இதே வரிசையில்தான் தொடங்கினேன். ஏறத்தாழ முந்நூறு பேர் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். இதற்குள் நான்கு விதமான ஏற்பாடுகளை நடத்திப் பார்த்துவிட்டோம். எது எப்படி இருந்தது என்பதை இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மணி நேரத்தைக் கேட்பது அவர்கள் குற்றமில்லை. சிங்கப்பூரில் நாம் வளர்ந்ததே அப்படித்தான். 1997இல் பள்ளிகளுக்குச் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். 2012இல் அதன் இடத்தில், நற்பண்புகளைச் செயலில் காட்டும் திட்டமான 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' வந்து, மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார் என்பதற்கு முக்கியத்துவம் தந்தது. ஆனால் ஆறு மணி நேரக் கணக்கில் படித்த தலைமுறைதான் இன்று கல்லூரி அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க 80 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கு வந்தவர்களுக்கு, 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கு நினைவிருக்கும்: இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம்.

கட்டாய மணி நேரம்

இதன் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கக்கூடிய பிள்ளையும் வருகிறான். ஒரு தாதிமை இல்லத்துக்குக் கையெழுத்துக்காக மட்டுமே வந்த மாணவன் ஒருவன் இருந்தான். யாரோடும் பேசவில்லை. கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றவன், ஒரு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சக்கர நாற்காலிகளின் முன் சக்கரங்களில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டு அவை திரும்பாமல் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். அன்று பதினொரு நாற்காலிகள். மறு வாரம் மிச்சத்தை முடிக்க அவனே வந்தான். விருப்பமுள்ளவர்களை மட்டும் அழைத்திருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 300 மாணவர்கள், தலைக்கு 20 மணி நேரம் என்றால் 6,000 மணி நேரம். முதியோருக்கான ஒரு நிலையம் நம் மாணவர்களில் பத்துப் பேரை வாரம் ஒரு முறை, மூன்று மணி நேரம் ஏற்றுக்கொண்டாலே அது பெரிய மனது. அது வாரத்துக்கு 30 மணி நேரம். 6,000ஐ முடிக்க 200 வாரங்கள் வேண்டும். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நமக்கோ ஒரே கல்வியாண்டுக்குள் முடிந்தாக வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி அலுவலகம் உண்டு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பங்காளி அமைப்புகள் உண்டு. சிறிய கல்லூரியில் இருப்பது வகுப்பும் எடுத்துக்கொண்டு இதையும் பார்க்கும் ஒரே ஓர் ஆசிரியர். அவர் என்ன செய்வார்? ஒரே நாளில் நூறு பேரை இறக்கிவிடக்கூடிய வேலைகளைத் தேடுவார். கொடி நாள், கடற்கரைத் துப்புரவு, அன்பளிப்புப் பை கட்டுதல்.

கொடி நாளை நான் குறைத்துப் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் பெருவிரைவு ரயில் நிலைய வாசலில் உண்டியலும் ஒட்டுவில்லையுமாக நிற்கும் பிள்ளைகளால் அறநிறுவனங்களுக்குப் பணம் வருகிறது. அந்தப் பணத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் நின்றவர் ஒரு முதியவரின் முகத்தையும் பார்த்திருக்கமாட்டார். அதற்கும் வாராவாரம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் படிவத்தில் ஒரே கட்டம், ஒரே கையெழுத்து.

எங்கள் முதல் ஆண்டில் இரண்டு மாணவிகள் ஓரறை வாடகை வீட்டில் தனியாக வசிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் சனிக்கிழமைதோறும் போய்வந்தார்கள். மார்ச் நடுவில் அவர்களுடைய 20 மணி நேரம் முடிந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தேன். பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நன்றி அட்டையைக் கொடுப்பதற்காக நான் அந்த வீட்டுக்குப் போனேன். மேசை மேல் ஒரு பிஸ்கட் டின், பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் தேக்காக் கடை ஒன்றின் மாதக் காலண்டர். சனிக்கிழமைகளை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஏப்ரலின் நான்கு சனிக்கிழமைகளுக்கும் வட்டம் இருந்தது. "பிள்ளைகளுக்குப் பரீட்சை போலிருக்கிறது" என்றார். ஆமாம் பாட்டி என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தவறு மாணவிகளுடையதில்லை, அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள். கணக்கு அவர்கள் பக்கம் முடிந்துவிட்டது, பாட்டியின் பக்கம் முடியவில்லை. ஐபி எனப்படும் அனைத்துலகப் பட்டயப் படிப்பிலும் கலை, உடற்பயிற்சி, சேவை மூன்றுக்கும் சேர்த்து ஒரு காலத்தில் 150 மணி நேரம் என்றே இருந்தது. பிறகு அதைக் கைவிட்டு, 18 மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று மாற்றினார்கள். அதைப் படித்தபோது, நாங்கள் ஒரு பாட்டியின் காலண்டரில் பார்த்ததை அவர்களும் எங்கேயோ பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது.

மாணவர் மன்றம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டாயத்தை எடுத்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் மன்றமாகச் சேரட்டும் என்று விட்டோம். நல்ல தலைவர் கிடைத்த ஆண்டு அருமையாக நடந்தது. அவர் படிப்பை முடித்துப் போனார். தொலைபேசி எண்கள் அவருடைய கைப்பேசியோடு போயின. இரண்டாண்டுப் படிப்புள்ள கல்லூரியில் ஒரு மாணவத் தலைவருக்குக் கிடைப்பது ஓராண்டுதான். மன்றம் மட்டுமே போதும் என்று எந்தச் சிறிய கல்லூரிக்கும் நான் சொல்லமாட்டேன்.

பாடத்தோடு சேர்ந்த சேவை

இது மேல். எங்கள் வடிவமைப்பு வகுப்பு ஒன்றில், முதியோருக்கான மாத்திரைப் பைகளைச் செய்வது ஒரு பருவத்தின் வேலையாக இருந்தது. முதல் மாதிரியில் நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் 'காலை', 'இரவு' என்று அச்சடித்துக்கொண்டு போனார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒரு பாட்டி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது என்றார். அடுத்த மாதிரியில் சூரியனும் நிலாவும் வந்தன. மூன்றாவது மாதிரியில் பையின் வாயை அகலமாக்கினார்கள், விரல் மடங்காதவர்களுக்காக. ஒரு விரிவுரையில் கற்றுக்கொடுக்க முடியாததை அந்த மூன்று பைகள் கற்றுக்கொடுத்தன.

ஆசிரியர் மாறாமல் இருப்பதால் இந்த ஏற்பாடு மன்றத்தைப் போல ஆளோடு போய்விடுவதில்லை. வேலைப்பளுவும் பாடவேளைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் பருவம் என்பது பதின்மூன்று, பதினான்கு வாரம். மதிப்பெண் வந்ததும் பிள்ளைகளின் கவனம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த குழு வந்து, அதே கேள்விகளை அதே முதியவரிடம் மறுபடியும் கேட்கிறது. நான்காவது முறையாகத் தம் கதையைச் சொல்லச் சொன்னபோது ஒரு தாத்தா, "போன பிள்ளைகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி" என்றார். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார். அதன் பிறகு பேட்டிக் கேள்விகளை நிறுத்திவிட்டு, பொருள் செய்து கொடுக்கும் வேலைகளுக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொண்டோம்.

சிறு குழு, ஒரே புளோக், வாராவாரம்

இப்போது நடப்பது இதுதான். கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு புளோக், அதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பதினான்கு மாணவர்கள், ஏழு வீடுகள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவருக்கு அந்த முதியவரின் மொழி தெரிந்திருக்க வேண்டும். யார் யாருக்கு உதவி தேவை என்பதை அங்குள்ள முதியோர் நிலையத்தின் ஊழியர்கள் எங்களுக்குச் சொல்கிறார்கள். நாங்களாகக் கதவைத் தட்டுவதில்லை.

மொழி நிபந்தனையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இருக்கிறது. எங்கள் புளோக்கில் பெரும்பாலோர் சீன முதியவர்கள். கீழ்த்தளத்தில் நடக்கும் பாட்டும் விளையாட்டும் அவர்கள் மொழியில்தான் நடக்கின்றன, அது இயல்பு. தமிழ் முதியவர் ஒருவரோ இருவரோ ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சிரித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் அரை மணி நேரம் கிடைப்பது பெரிது. "என் தமிழ் நன்றாக இருக்காது சார்" என்று தயங்கிய மாணவன் ஒருவனை ஒரு பாட்டி மூன்றே மாதத்தில் திருத்திவிட்டார். 'ழ' வரவில்லை என்று வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துச் சொல்ல வைத்திருக்கிறார்.

தீபாவளிக் காலத்தில் யார்தான் வரவில்லை? ஒரே வாரத்தில் நான்கு அமைப்புகள் அந்தப் பாட்டியின் வீட்டில் நான்கு அரிசிப் பைகளை வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நீரிழிவு உள்ளவருக்கு லட்டும் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. சிறிய கல்லூரியால் அரிசிப் பைகளில் போட்டி போட முடியாது. பிப்ரவரியில் போக முடியும்.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தபோது இந்த முறையின் பலம் தெரிந்தது. மாணவர்கள் யாரும் சொல்லாமலே சனிக்கிழமை அதே நேரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். மணிக்கணக்குப் படிவமாக இருந்தால் அந்த அழைப்புகளுக்குக் கையெழுத்துப் போட ஆள் இருந்திருக்காது.

குறையும் உண்டு. முந்நூறு பேரில் பதினான்கு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நிர்வாகம் ஆண்டுதோறும் கேட்கிறது, கேட்பது நியாயம். சக்கர நாற்காலி மாணவனைப் போன்றவர்கள் இதில் விடுபட்டுப் போகிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஆண்டில் ஒரே ஒரு நாள் கட்டாயம் வைத்திருக்கிறோம். அன்று வருகிறவர்களில் யாராவது மறு வாரமும் கேட்டு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். படம் நன்றாக வருகிறது, பெற்றோருக்கும் பெருமை. ஆனால் ஒரு வாரப் பயணத்துக்குக் காப்புறுதி, பெற்றோர் ஒப்புதல், நிதி விண்ணப்பம் என்று ஓர் ஆசிரியரின் மூன்று மாதம் போகிறது. அந்த மூன்று மாதத்தில் புளோக்கில் பன்னிரண்டு சனிக்கிழமைகள். போவதாக இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து ஆண்டுதோறும் அங்கேயே திரும்பிப் போகிறார்களே, அப்படிப் போகலாம். வேறுவிதமாகப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கலாமா என்றால், நாட்காட்டியைப் பாருங்கள். எங்கள் பருவம் ஆகஸ்டில் தொடங்குகிறது. பயிற்சி கொடுத்து மாணவரை அனுப்ப செப்டம்பர் ஆகிவிடும். அந்த மாதக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வந்துவிடுகிறது. மிக வேண்டிய நேரத்தில் புது முகம் வந்து நிற்பது அந்தப் பிள்ளைக்கு உதவியாக இருக்காது. துணைப்பாடம்தான் வேண்டும் என்றால் ஜனவரியில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் 1991இல் தொடங்கப்பட்டு, இதைச் செய்துவரும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற அமைப்பிடம் தொண்டூழியர்களாக மாணவர்களைச் சேர்த்துவிடுங்கள்; தனியாக ஒன்றை நடத்த வேண்டாம்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கைமாற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படிப்பை முடிக்கும் மாணவர், அடுத்து வருபவரை மூன்று சனிக்கிழமைகள் கூடவே அழைத்துப் போக வேண்டும். முதல் வாரம் புதியவர் பேசாமல் உட்காருவார். மூன்றாவது வாரம் பழையவர் பேசாமல் உட்காருவார். கடைசி நாள் எது என்று முதியவரிடம் முன்பே சொல்லி, அவர் காலண்டரிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். பருவ விடுமுறைக்கும் இதே முறைதான்.

பென்சில் வட்டம் போட்ட பாட்டி இப்போது ஒரு தாதிமை இல்லத்தில் இருக்கிறார். அங்கே பார்வையாளர் நேரம் வேறு என்பதால் கிழமை ஞாயிறாகிவிட்டது. இரண்டு பேர் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் கோப்பில் அவளுக்குப் படிவம் எதுவும் இல்லை.