ஜோட்டீரோ: ஆய்வு மாணவரின் மேற்கோள் கணக்கேடு

என் முனைவர் பட்ட ஆய்வுக்கான சான்றுகளை ஈராண்டுகளாக ஜோட்டீரோ (Zotero) என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில்தான் தொகுத்து வருகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. இணையச் சேமிப்பிடமும் 300 எம்பி வரை இலவசம். கட்டுரையைப் படிக்கும்போதே உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ் ஆகிய விவரங்கள் பதிவாகிவிடுவதால், எந்தக் கருத்து யாருடையது என்ற குழப்பம் பின்னாளில் எழுவதில்லை. இதழ் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை நம் தொகுப்பில் இருந்தால் எச்சரிக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை, தலைப்பெழுத்தைப் பிரிக்காமல் ஒரே பெயர்ப் பெட்டியில் இடவும் முடிகிறது. பிறர் வாக்கியத்தை நம்முடையதாக எழுதுவதை மட்டும் எந்த மென்பொருளாலும் தடுக்க இயலாது என்பதால், குறிப்பெடுக்கும்போதே அவற்றை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு பதிந்து வைக்கிறேன்.